வரத்துக்குக் காத்திருக்கும் வகுப்பறை

மயிலாப்பூரில் தொடங்கித் தியாகராய நகர் வழியாக அடையாறு வரையுள்ள பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கவிதை, சிறுகதை, சுவரொட்டி, ஐந்து நிமிடக் குறும்படம் என ஏதேனும் ஒரு படைப்புப் பணி மாணவருக்குத் தரப்படும்போதெல்லாம், அதனுடன் ஒரு நம்பிக்கையும் சேர்த்தே தரப்படுகிறது. படைப்புக்குரிய கரு மனத்துக்குள் தானாக உதிக்க வேண்டும், அது உதிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதே அந்த நம்பிக்கை. கற்பனையைக் கற்பிக்க முடியாது, பிறர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதினால் சொந்தத்தன்மை கெடும், தலைப்பும் அளவும் நாளும் குறித்துவிட்டால் படைப்பு செத்துவிடும் என்னும் மூன்று துணை நம்பிக்கைகளும் இதை ஒட்டி வளர்ந்துள்ளன. இவற்றை நம்பாத ஆசிரியர் சிலரே; நம்பாத பெற்றோர் அவர்களினும் சிலர்; மாணவரோ, வெறுந்தாளின் முன் அமர்ந்து ஒன்றும் தோன்றாதபோது, தமக்கு அந்தப் பேறு இல்லை என்று முடிவுகட்டிவிடுகின்றனர். இந்த நம்பிக்கை உண்மைக்கு மாறானது. தமிழரின் கலைப்பயிற்சி முறைக்கும் மாறானது. அதனினும் மேலாக, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இரண்டு வேறுபட்ட மரபுகள் வகுப்பறையில் வந்து கலந்திருப்பது தெரியும். ஒன்று, வரகவி பற்றிய நம் கதைகள். வரகவி என்பவர் கல்வியால் அன்றித் தெய்வ அருளால் பாடும் ஆற்றல் பெற்றவர். திருவானைக்காவில் அம்மையின் தாம்பூலம் வாயில் பட்டதும் கவிமழை பொழிந்ததாகச் சொல்லப்படும் காளமேகம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் முன்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அருள் பெற்ற காளமேகம் தாம் விரும்பியதை விரும்பியபோது பாடியதாகப் பின்பாதி சொல்லவில்லை. பிறர் கொடுத்த ஈற்றடிக்கும், பிறர் விதித்த எழுத்துக் கட்டுப்பாட்டுக்கும், எமகண்டம் என்னும் கொடிய போட்டியில் நெருப்பின் மேல் அமர்ந்து பிறர் கேட்ட பொருளுக்கும் பாடியதாகவே அது சொல்கிறது. பொருள், அடி, பாவகை, அணி ஆகியவற்றை இன்னொருவர் குறிக்க, அந்த இடத்திலேயே அவற்றுக்கு இணங்கப் பாடுபவரையே இலக்கண நூலார் ஆசுகவி என்றனர். அருள் கிட்டிய கவிஞருக்கும் கூட வேலையை வெளியார்தான் கொடுத்திருக்கிறார் என்பதை இந்தக் கதையே ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது மரபு ஆங்கிலக் கல்வியின் வழியாக வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் எழுந்த புனைவியல் இயக்கம், அதாவது உணர்ச்சியையும் தனிமனித மேதைமையையும் கலையின் ஊற்றாகக் கொண்ட இயக்கம், கவிஞரை ஏதோ ஒரு புயலால் அலைக்கழிக்கப்படும் மனிதராகக் காட்டியது. அதற்குச் சான்றாக எந்தக் கல்லூரியிலும் சொல்லப்படுவது ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 'குப்ளா கான்'. 1797இல் மருந்தின் மயக்கத்தில் உறங்கியபோது கவிதை முழுவதும் கனவில் வந்ததென்றும், விழித்து எழுதத் தொடங்கியதும் அலுவல் நிமித்தம் வந்த ஒருவரால் அது பாதியில் நின்றதென்றும் 1816இல் அதை வெளியிட்டபோது கோல்ரிட்ஜே முன்னுரையில் எழுதினார். அதே முன்னுரையில், உறங்குவதற்குச் சற்றுமுன் பர்ச்சஸ் என்பவரின் பயண நூலில் குப்ளா கான் கட்டிய அரண்மனையைப் பற்றிய பகுதியைத்தான் படித்துக்கொண்டிருந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். இந்த வரியை மட்டும் விரிவுரையாளர்கள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். ஜான் லிவிங்ஸ்டன் லோஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1927இல் வெளியிட்ட பெரிய நூலொன்றில், கோல்ரிட்ஜின் குறிப்பேட்டையும் அவர் படித்த பயண நூல்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, அந்தக் கவிதையின் ஆறும் குகையும் ஊற்றும் எந்தெந்தப் புத்தகங்களிலிருந்து வந்து சேர்ந்தன என்று காட்டினார். கனவு உண்மையாகவே இருக்கட்டும். கனவில் தோன்றுவதற்கு முன்னால் அவையெல்லாம் கண்வழியாக உள்ளே போயிருந்தன.

தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய பகுதியோ கருவைக் கவிஞரின் மனநிலைக்கு விட்டுவைக்கவேயில்லை. அகப்பாடலுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துப் பறவையும் மரமும் தொழிலும் கருப்பொருள். கூடல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பன உரிப்பொருள். இவையெல்லாம் முன்பே வகுக்கப்பட்டுவிட்டன. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதைக் குறிக்கும் 'துறை' என்பதும் வகுக்கப்பட்டிருந்தது. இன்றைய மாணவர் ஒருவரிடம் இவ்வளவு நிபந்தனைகளையும் கொடுத்து, நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னால், படைப்புரிமை பறிபோய்விட்டது என்று பெற்றோர் முறையிடக்கூடும். குறுந்தொகையின் 401 பாடல்களில் மிகப் பெரும்பாலானவை அந்த நிபந்தனைகளுக்குள்தான் எழுந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நூலை முதல், வழி, சார்பு என்று மூவகையாகப் பகுத்த நன்னூல், முதல்நூலின் முடிபை ஏற்றுக்கொண்டு பின்னோன் வேண்டும் வேறுபாட்டைச் சேர்ப்பதை வழிநூல் என்று மதிப்புடனே வரையறுத்தது. கம்பனே வழிநூலாசிரியன் எனும்போது, பிறரைப் படித்தால் சொந்தத்தன்மை கெடும் என்ற அச்சம் எந்த ஊர்ச் சரக்கு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மயிலாப்பூருக்கு வந்தால், இந்த நம்பிக்கையை மறுக்கும் கல்விமுறை ஒன்று மாட வீதிகளின் மாடி அறைகளில் ஒவ்வொரு மாலையும் நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். கர்நாடக இசை, முன்பே அமைக்கப்பட்டதைப் பாடும் கல்பித சங்கீதம், பாடும்போதே புதிதாக அமைக்கும் மனோதர்ம சங்கீதம் என இரண்டாகப் பகுக்கப்படுகிறது. இந்தியக் கலைகளில் 'தோன்றியதைப் பாடு' என்று வெளிப்படையாகச் சொல்லும் பகுதி ஒன்று இருக்குமானால் அது மனோதர்மமே. அதற்குச் செல்லும் வழியோ சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி என்று ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதன் பிறகே மாணவர் கல்பனை ஸ்வரம் பாட அனுமதிக்கப்படுகிறார். அங்கும் வெறுவெளி கிடைப்பதில்லை. கிருதியின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, ராகத்தின் எல்லையை மீறாமல் ஸ்வரங்களைக் கோத்து, அந்த வரி தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதே இடத்தில் வந்து சேர வேண்டும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர்.

இதன் கணக்கை அருகில் பார்ப்பது பயன்தரும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, எட்டு எண்ணிக்கை கொண்டது. எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வீதம் 32 மாத்திரை. வரியின் எடுப்பு சமத்தில், அதாவது சுற்றின் தொடக்கப் புள்ளியில் இல்லாமல் அரை எண்ணிக்கை தள்ளி இருக்குமானால், சமத்தில் தொடங்கி இரண்டு சுற்றுகளைக் கடந்து அங்கே போய்ச் சேர 66 மாத்திரை வேண்டும். 66ஐ மூன்றாகப் பகுத்தால் 22. ஆகவே 22 மாத்திரை நீளமுள்ள ஒரு ஸ்வரக்கோவையை மூன்று முறை பாடினால் மூன்றாவது முறையின் முடிவில் எடுப்பு வந்து நிற்கும். இப்படி முடிக்கும் அமைப்பையே கோர்வை என்கிறார்கள். ஆசிரியர் 22 என்று சொல்லி நிறுத்திவிடுவார். அதைக் கல்யாணி ராகத்தில் எந்தெந்த ஸ்வரங்களால் நிரப்புவது என்பது மாணவரின் பாடு. கச்சேரியில் இந்த இடத்தில் கைதட்டுபவர்கள் அதை அந்தக் கணத்தின் உதிப்பு என்று எண்ணக்கூடும். வீட்டில் நோட்டுப் புத்தகத்தில் கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தவருக்கே அந்தக் கணம் வாய்க்கிறது.

அதே மாட வீதிகளில் ஜனவரித் திருவிழாவின் கோலப் போட்டியைப் பார்ப்பவர்களுக்கும் இது புலப்படும். புள்ளி வரிசை முதலில் விழுகிறது. நேர்ப்புள்ளியா, இடுக்குப்புள்ளியா, எத்தனை வரிசை என்பது முடிவான பிறகே கோடு பிறக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1970களில் கோலத்தை ஒரு படமொழியாகக் கொண்டு அதன் விதிகளைக் கணிப்பொறி இலக்கணமாக எழுதிக்காட்ட முடிந்ததற்குக் காரணமே, வாசலில் குனிந்தபடி கோலமிட்ட பெண்கள் கட்டுப்பாட்டுக்குள்ளேதான் புதுமை செய்துகொண்டிருந்தார்கள் என்பது.

உரைநடைக்கு வந்தால், பிற்காலத்தில் அடையாறு காந்தி நகரில் வாழ்ந்த கல்கியைவிட வலுவான சாட்சி வேறில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டு வாரந்தோறும் கல்கி இதழில் வந்தது. அச்சுக்கூடம் எவருடைய மனநிலைக்காகவும் காத்திருப்பதில்லை என்பதால், அந்த நாவலின் ஒவ்வோர் அத்தியாயமும் நாள் குறிக்கப்பட்ட ஒப்படைப்பே. அதன் கரு எங்கிருந்து வந்தது என்பதும் மறைபொருள் அன்று. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகளும், கல்வெட்டுகளும், செப்பேடுகளுமே மூலம்.

நாவலின் நாயகன் வந்தியத்தேவனையே எடுத்துக்கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவை கொடுத்த கொடைகளைப் பதியும்போது, அவர் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று ஒரு குறிப்பு வருகிறது. கொடை கொடுத்தவரை அடையாளம் காட்ட எழுதப்பட்ட சில சொற்கள் அவை. அந்த ஆள் எப்படிப்பட்டவர், குதிரை ஏறுவாரா, பொய் சொல்வாரா என்பதெல்லாம் அதில் இல்லை. தமிழ் வாசகர் மூன்று தலைமுறையாகக் காதலித்துவரும் இளைஞன் அந்தச் சில சொற்களிலிருந்து எழுந்தவன்.

நாவலில் வரும் சதிகாரர்களின் கதை இன்னும் வியப்பானது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று உள்ளது. ராஜராஜனின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் உறவினர் உடைமைகளைக் கையகப்படுத்தும் அரசாணையைப் பற்றியது அது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அந்த ஆணை சென்று சேர்ந்த ஊர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அதன் அருகில்தான் வீரநாராயண ஏரி, அதாவது இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி. ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் காட்சியை அதே ஏரிக்கரையில் கல்கி அமைத்தார். கொலை யார் கையால் நடந்தது என்பதை நாவல் இறுதிவரை உறுதியாகச் சொல்லாமல் விட்டிருப்பதும் சான்றின் மௌனத்துக்குக் கொடுத்த மரியாதையே. நிலப் பறிமுதல் ஆணை ஒன்றிலிருந்து ஐந்து பாக நாவலின் முதன்மை மர்மம் பிறந்திருக்கும்போது, கருவுக்காக விட்டத்தைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்வது என்ன கல்வி?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கல்கிக்குப் பொருள் வெளியிலிருந்து கிடைத்தது உண்மை; அதை உயிருள்ளதாக்கிய ஆற்றல் அவருடைய பிறவிச் சொத்து அல்லவா? இருக்கலாம். திறமையில் ஏற்றத்தாழ்வு உண்டென்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆற்றல் பொருளின் மேல்தான் வேலை செய்கிறது என்பதும், பொருளைத் தேடித்தருவது கற்பிக்கக்கூடிய வேலை என்பதுமே இங்குள்ள வாதம். தியாகராய நகரில் இன்று தம் பெயரால் ஒரு சாலையைக் கொண்டிருக்கும் கண்ணதாசன், நொடியில் பாட்டெழுதியவராகப் போற்றப்படுகிறார். அந்த நொடிக்கு முன்னால் இயக்குநர் சூழலைச் சொல்லியிருப்பார். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டி, அசைகளின் எண்ணிக்கையையும் நெடில் விழும் இடத்தையும் தத்தகாரத்தால் உணர்த்தியிருப்பார். கவிஞர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். கம்பனும் சித்தர்களும் நாட்டுப்பாடலும் அவர் நாவில் ஏற்கெனவே குடியிருந்ததால் அசைக்குச் சொல் உடனே அகப்பட்டது. வேகம் எவ்வளவு படித்தார் என்பதற்குச் சான்றாகலாம். எங்கிருந்தோ வந்தது என்பதற்குச் சான்றாகாது.

திடீரென்று பளிச்சிடும் எண்ணம் என்பதே இல்லையா என்று கேட்டால், உண்டு. கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் 1926இல் படைப்புச் சிந்தனையை ஆயத்தம், ஊறல், ஒளிர்தல், சரிபார்த்தல் என நான்கு கட்டங்களாகப் பகுத்தார். நம் வகுப்பறைகள் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டன. சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் தவறாமல் கணிதவியலார் ராமானுஜனைக் கொண்டுவருவார்கள்: குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைக் கொடுத்தாரே! ராமானுஜன் அப்படி நம்பியதை எவரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பதின்பருவத்தில் கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்தது, ஆயிரக்கணக்கான தேற்றங்களைச் சுருக்கமாக அடுக்கிய கார் என்பவரின் தொகுப்பு நூல். காகிதம் விலை அதிகமென்பதால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார் அவர். அழிக்கப்பட்ட பலகையை யாரும் பார்க்கவில்லை. எஞ்சிய நோட்டைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றியது.

இந்த நம்பிக்கையின் கேடு வெறும் கருத்துப் பிழையோடு நிற்பதில்லை. மார்கழிக் கச்சேரிகளுக்குப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போன குழந்தை, ராகத்தின் பெயர் தெரியும் முன்பே அதன் சாயலை அறிந்துகொள்கிறது. இசையுலகினர் இதைக் கேள்வி ஞானம் என்பார்கள். புத்தக அலமாரி உள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சொல் வளமும், திரைத்துறை உறவினர் உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் காட்சியமைப்பும் இதேபோல் காதோரமாக வந்து சேர்கின்றன. வகுப்பில் 'உன் கற்பனையில் எழுது' என்று ஆசிரியர் சொன்னதும் இந்தப் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மூலதனம் பிறவி மேதைமை எனப் பாராட்டப்படுகிறது. இடநெருக்கடி உள்ள குடியிருப்பிலிருந்து, பாடநூலைத் தவிர வேறு அச்சுத்தாள் இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை அதே கட்டளைக்கு முன் விழிக்கிறது. அதற்குக் கற்பனை வறுமை என்று முத்திரை விழுகிறது. பொருளைக் கொடுக்காமல் படைப்பைக் கேட்பது, எவருக்குப் பொருள் வீட்டிலேயே கிடைக்கிறதோ அவருக்கு மட்டும் தேர்வு வைப்பதாகும்.

முத்திரை குத்தப்பட்ட பிள்ளை அடுத்துச் செய்வது நகல். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ஒரு படத்தைத் தந்து 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று கேட்கப்படுகிறது. உண்மையில் இது நல்ல வினா. கண்ணுக்கு எதிரே பொருளை வைத்துவிட்டுக் கேட்கிறது. அதற்கும் வழிகாட்டி நூல்களில் ஆயத்த விடைகள் அச்சாகி, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே மனப்பாடம் செய்யப்படுகின்றன. கல்லூரியில் இதன் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொள்கிறது: படங்களைத் தள்ளிக்கொண்டே போவது, கடைசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நான்கு வரி கேட்பது. வரத்துக்குக் காத்திருப்பதும் நகலெடுப்பதும் எதிரெதிரானவை என்று ஆசிரியர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் முன்னதை நம்பவைக்கப்பட்டவரே பின்னதில் போய் விழுகிறார். கரு தேடத்தக்கது, அதற்கு முறை உண்டு என்று எவரும் சொல்லித்தராத இடத்தில், வராதவருக்கு எடுத்துக்கொள்வதே எஞ்சுகிறது. அவரைத் திருட்டுக்காகக் கண்டிக்கும் ஆசிரியர், தேடும் முறைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கினாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேடலுக்கான பொருள் தென்சென்னையில் கொட்டிக்கிடக்கிறது. திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலிலும் வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக் கொடை, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கான கொடை, அடிக்கடி வருகிறது. நெய்க்காகத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் கொடுக்கப்பட்டு, அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாகும், கிழடு தட்டும். ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது என்பதால், ஏற்றுக்கொண்ட இடையர் மந்தையைப் பெருக்கி ஈடுசெய்ய வேண்டும். இந்த ஒரு தகவலைக் கொடுத்து, மழை பொய்த்த ஆண்டில் அந்த இடையர் வீட்டில் நடந்ததை முந்நூறு சொல்லில் எழுதச் சொன்னால், பெசன்ட் நகர்ப் பிள்ளையும் குப்பத்துப் பிள்ளையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிற்பார்கள். கடன், பஞ்சம், அதிகாரியின் கெடுபிடி ஆகியவற்றை அறிந்த பிள்ளை ஒருவேளை முந்தியும் போகலாம்.

நாற்பது மாணவருக்கு மேல் உள்ள வகுப்பில், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில், இதற்கெல்லாம் நேரமேது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் ஒரு கல்வெட்டு வாசகத்தையோ, லஸ் நடைபாதையில் வாங்கிய பழைய இதழொன்றின் விளம்பரத்தையோ படியெடுத்துக் கொடுப்பதற்கு, 'மழை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அமர்வதைவிடக் கால்மணி நேரம்தான் கூடுதலாகும். படைப்போடு சேர்த்து, எதைப் பார்த்து, எதைப் படித்து, எதை விலக்கி இந்தக் கருவுக்கு வந்தார் என்று ஒரு பக்கக் குறிப்பையும் மாணவரிடம் கேட்டு வாங்கி, மதிப்பெண்ணில் பாதியை அதற்கு ஒதுக்கிவிடலாம். நகலெடுத்தவரால் அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாது. தானாகத் தோன்றியது என்று எழுதித்தருபவருக்கு, அந்தப் பாதியில் சுழியம் போடுவதில் ஆசிரியருக்கு எந்தத் தயக்கமும் தேவையில்லை.